புளியடி வீட்டுப் பாகம்

“எனக்க தம்பி மேல, எனக்க பேரச் சொல்லியே கேஸ் போடுவிய. நான் வாயப் பொத்திக்கிட்டு ஒப்பு போடணும். அப்படித்தான?”

“மெள்ளப் பேசுட்டி. தெருவு பூரா காதாக்கும்.”

“கேக்கட்டும்! பாகக் கேஸுன்னா கணபதியப்ப பிள்ளதான்னு ஊரெல்லாம் சொல்லுதாவல்லா? பெண்டாட்டியையும் அவளுக்க கூடப்பிறந்தவனையும் பாகம் வச்ச கதையையும் சேத்துச் சொல்லட்டும்.”

“ஒனக்குள்ள பங்கத்தான் கேக்கேன். எனக்கா கேக்கேன்?”

“பங்கு இல்லாம எனக்குச் சோறு எறங்கல்லன்னு ஒங்ககிட்ட வந்து நான் சொன்னனா?”

காதைப் பற்றி வக்கீல் சொன்னதில் தப்பில்லை. எதிர்வீட்டு ராஜபாய், ஏற்கெனவே புடைத்து வைத்த அரிசியை மறுபடியும் புடைத்துக்கொண்டிருந்தாள். வக்கீல் வீட்டில் குரல் உயர்ந்தால் முறம் நிற்கும். தாழ்ந்தால் மறுபடி ஆடும். நாங்களோ செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மாதம், விடியற்காலையிலிருந்து மழை. அதனால் என்ன, செடி வேண்டாமென்றா சொல்லப்போகிறது?

உள்ளே மூன்றாவது குரல் ஒன்று கேட்டது. வக்கீலின் ஒரே மகள் கோமளவல்லி. சத்தம் போடாத பெண். அவள் பேசியதும் முறம் அடியோடு நின்றுவிட்டது.

“அப்பா, நீங்க எனக்கு மாப்பிள பாக்கியளா, மாமாவுக்க ஆபீஸப் பூட்டப் பாக்கியளா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க.”

குடை விரிகிற சத்தம்தான் கேட்டது. நாங்கள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டோம்.

இது நடந்தது ஐம்பத்தொன்றாம் வருஷம். அப்போது கிழக்கே தோவாளையிலிருந்து மேற்கே கருங்கல் தாண்டியும், சொத்துத் தகராறு உள்ள வீடு எதிலும் வக்கீல் கணபதியப்ப பிள்ளையின் பெயர் தெரியாதவர் கிடையாது. மருமக்கள் வழிக் குடும்பங்கள் நிறைந்த நாடு இது. சொத்து பெண் வழியாக இறங்கும். மாமன் ஆள்வான், சகோதரி பிள்ளைகள் காத்திருப்பார்கள், மாமன் பெற்ற பிள்ளைகள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். பாகம் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்ததும், காத்திருந்தவர்களும் எட்டிப் பார்த்தவர்களும் ஒன்றாக எழுந்து வக்கீலைத் தேடிப் புறப்பட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தக்கலையில் கறுப்புக் கோட்டு மாட்டியவர் கணபதியப்ப பிள்ளை.

சொந்த ஊர் பூதப்பாண்டிக்கு அந்தப் பக்கம். அப்பா சிறிய விவசாயி. பி.எல். முடித்து இங்கே வந்தபோது அவரிடம் ஒரு கோட்டும், அதைப் போட்டுக்கொண்டு போக இடமில்லாத நாட்களும்தான் இருந்தன. புளியடி வீட்டு வடிவாம்பாளைக் கட்டிய பிறகே கட்சிக்காரர்கள் வந்தார்கள். முதலில் மாமனார் வீட்டுச் சொந்தக்காரர்கள், பிறகு அவர்களோடு சண்டை போட்டவர்கள்.

அவர் வேலை செய்கிற விதம் தனி. பாகக் கேஸ் என்று வந்தால் ஆதாரங்களை உடனே கையில் வாங்கமாட்டார். “ஒருநா உண்ண வாறேன்” என்பார். போய் உட்கார்ந்து அவியலும் எரிசேரியுமாகச் சாப்பிடுவார். யாருக்கு முதல் இலை, யார் இலையில் உடைந்த பப்படம், எந்தப் பெண் பரிமாற வராமல் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று பார்த்துக்கொள்வார். கை கழுவி வரும்போது அந்தக் குடும்பம் எந்த இடத்தில் பிளக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் பட்டா, அளவு, எல்கை எல்லாம்.

பெண்களுக்கு அவர் சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. கோர்ட்டில் நீளாமல் ராஜியாகிற பாகத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஒருவர் பகுக்கவேண்டும், மற்றவர் எடுக்கவேண்டும். எடுக்கிறவர் வாயால் சொன்னால் செல்லாது. மத்தியஸ்தர் முன்னால் நடந்து போய், தமக்கு வேண்டிய பங்கில் கால் வைத்து நிற்கவேண்டும். அன்றைக்கு அந்திக்கு அங்கே விளக்கேற்றவேண்டும். அதற்கு முன்னால் மற்றவருடைய அடுப்புத் தீ அங்கிருந்து போய்விடவேண்டும். “வச்ச கால எடுக்காத தாயி. எவன் கூப்பிட்டாலும் திரும்பாத. விளக்கு வச்ச பொறவு ஒனக்க சொத்த ஒருத்தனும் தொடமாட்டான்” என்பார். இந்தப் பாடத்தைக் கேட்டுக் கால் வைத்த பெண்கள் எத்தனையோ பேர். தம் வீட்டுக்குள் இருந்து அதே பாடத்தை ஒருத்தி இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

வடிவாம்பாளுக்கு ஒரே தம்பி, தெய்வநாயகம். அவனையும் வக்கீலுக்குப் படிக்கவைத்து, தமக்கு ஜூனியராக வைத்துக்கொண்டவர் கணபதியப்ப பிள்ளைதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் அத்தானின் புத்தகங்களைச் சுமந்து நடந்தான். நாடு விடுதலையான வருஷம் அவனும் விடுதலையானான். புளியடி வீடு பஸ் நிற்கிற பெரிய சாலையில் இருந்தது. அதன் படிப்புரை, சாலையை ஒட்டி வாசலில் கட்டியிருந்த அறை, சும்மா கிடந்தது. அதற்குச் சுண்ணாம்படித்து, நாற்காலி போட்டு, பெயர்ப்பலகை மாட்டினான். கணபதியப்ப பிள்ளையின் வீடோ எங்கள் சந்துக்குள்ளே. மேற்கேயிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவன் கண்ணில் முதலில் படுவது தெய்வநாயகத்தின் பலகை.

இங்கே கட்சிக்காரர்கள் வெறுங்கையோடு வருகிற வழக்கம் இல்லை. ஏத்தங்குலை, நேந்திர வாழைத்தார், கொண்டுவருவார்கள். அதை வக்கீல் வீட்டு முகப்பு உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். எந்த வக்கீலுக்கு எவ்வளவு மவுசு என்று தெரிய முன்சீப் கோர்ட்டுக்குப் போகவேண்டாம், அண்ணாந்து பார்த்தால் போதும். நாற்பத்தெட்டுக்குப் பிறகு கணபதியப்ப பிள்ளையின் உத்தரத்தில் காலிக் கயிறுகள் தெரியத் தொடங்கின. அவர் தினமும் கோர்ட்டுக்குப் போகும்போது புளியடி வீட்டுப் படிப்புரைப் பக்கம் திரும்பமாட்டார். திரும்பாமலே அங்கே எத்தனை குலை என்று அவருக்குத் தெரியும். கழுத்தைத் திருப்பாமல் பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்துவலியே வந்துவிட்டது.

பஸ் வருகிற நேரத்தில் குமஸ்தன் மரியஜானைச் சாலையில் நிறுத்திப் பார்த்தார்.

“எறங்கினது எத்தன பேருடே?”

“கொறே பேரு உண்டு சாரே.”

“பின்ன இஞ்ச ஏன் ஒருத்தனையும் காணல்ல?”

“வக்கீல் வீடு எதுன்னு கேட்டாவ. நான் கைய நீட்டதுக்கு முன்ன படிப்புரைக்குள்ள கேறியாச்சு.”

“ஒனக்க கைக்கு என்ன, வாதமா?”

“வாதமில்ல சாரே. சந்து நீளத்துக்கு எனக்குக் கை இல்ல.”

இப்படி இருக்கையில் கல்லுவிளை வீட்டுக் கேஸ் வந்தது. வயலும் விளையும் தோப்புமாக நாலு கிளைக் குடும்பம். கணபதியப்ப பிள்ளை அங்கே ஒருநாள் போய் உண்டும் வந்தாயிற்று. ஆனால் கேஸ் தெய்வநாயகத்துக்குப் போயிற்று. கேஸோடு ஒரு ஏத்தங்குலையும் போயிற்று. இரண்டு ஆட்கள் கம்பில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் சந்து முனையைக் கடந்தார்கள். தெருவே வெளியே வந்து பார்த்தது. வக்கீலும் பார்த்தார்.

“குலை கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா உள்ளுக்குள்ள கல்லு விழுந்த காயி. பழுக்காது.”

அந்த வாரமே அவருக்கு ஒரு சட்ட ஞானம் உண்டாயிற்று. புளியடி வீட்டில் தெய்வநாயகத்துக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு வடிவாம்பாளுக்கும் உண்டு. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகியும் தோன்றாத ஞானம். பாகம் வைத்தால் படிப்புரையை அவள் பங்காக எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் பலகை இறங்கும். அதுதான் அன்று மழையில் எழுந்த சண்டை.

வடிவாம்பாளுக்கு அதில் போகிறது பலகை இல்லை, பெண்ணின் வாழ்க்கை. கோமளவல்லிக்கும் தெய்வநாயகத்தின் மகன் கோலப்பனுக்கும் சிறுவயதிலேயே பேச்சு முடிந்திருந்தது. கோலப்பன் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவன், நல்ல பையன். பார்க்க வரும்போது வாசலில் செருப்பைக் கழற்றவே கொஞ்சம் நேரம் எடுப்பான், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. கோமளவல்லியும் அந்த நேரம் பார்த்து முற்றத்துக்குக் கோலப்பொடி தேடி வருவாள், சாயங்காலத்தில். கேஸ் என்று வந்தால் இந்தக் கல்யாணம் எப்படி நடக்கும்?

ஆகவே வடிவாம்பாள் ஒப்பு போடமாட்டாள் என்று ராஜபாய் சத்தியம் செய்தாள். ஆனால் மூன்றாம் நாள் அவள் தம்பி வீட்டுக்குப் போய்வந்து, அன்று மத்தியானமே ஒப்பு போட்டுவிட்டாள்.

ராஜபாய்க்குத் தாங்கவில்லை. உப்பு கேட்கிற சாக்கில் போனாள்.

“அக்கா, தம்பி ஏதும் மோசமாப் பேசினானா?”

“அவன் வீட்டுல இல்ல.”

“பின்ன உலகம்மையா?” உலகம்மை, தெய்வநாயகத்தின் பெண்டாட்டி.

“அவ என்ன பேசுவா? தங்கம்லா. வாங்க மைனின்னு கூப்பிட்டு முன்கட்டுல புதுப்பாய் விரிச்சா. காப்பி போடுத மணம் வந்தது, நான் எழும்பி அடுக்களைக்குப் போனேன். ‘இரிங்க மைனி, உள்ள பொகை, நான் எடுத்துத் தாறேன்’னு கையப் புடிச்சு இருத்திட்டா. வெள்ளித் தம்ளர்ல காப்பி தந்தா.”

“நல்ல மரியாததான?”

வடிவாம்பாள் உப்பை அள்ளிக் கொட்டினாள். “நான் பிறந்த வீட்டுல எனக்கு வெள்ளித் தம்ளரு, ராஜபாய்.”

ராஜபாய்க்கு அது அப்போது விளங்கவில்லை. எங்களிடம் வந்து, வெள்ளித் தம்ளர் கிடைத்ததில் வடிவாம்பாளுக்குப் பெருமை தாங்கவில்லை என்று சொன்னாள்.

கேஸ் சில வாய்தா போயிற்று. ஒரு வெயில் நாளில் தெய்வநாயகமே நேரில் வந்தான்.

“அத்தான், நாம ரெண்டுபேரும் கோர்ட்டுல எதிரும் புதிருமா நின்னா சிரிக்கதுக்கு முன்சீப்பு வேண்டாம், டவாலி போதும். ராஜியாப் போவோம். நான் பகுக்கேன், அக்கா எடுக்கட்டும். அன்னைக்கே பிள்ளையளுக்கு நிச்சயத்தையும் நடத்தி, தையில கல்யாணத்த வைப்போம்.”

“ராஜிக்கு நான் எதிரியா? பகுத்துக் கொண்டா.”

பகுத்துக் கொண்டுவந்தான். முன்பாகம்: படிப்புரை, முன்கட்டு, சாலை வாசல். பின்பாகம்: அடுக்களை, கிணறு, நெல் போடுகிற பத்தயப்புரை, பின்முற்றம். அதோடு ஒரு கோட்டை விதைப்பாடு வயலும் பின்பாகத்திலேயே சேர்த்திருந்தான்.

அவன் போனதும் வக்கீல் சிரித்தார். “பயலுக்குப் படிப்புரை போயிரும்னு பயம். வயலத் தூக்கிப் பின்ன வச்சு ஆசை காட்டுதான். ஏட்டி வடிவு, நீ முன்கட்டுல கால வச்சுட்டு அசையாம நின்னு போடு. நான் இருமுவேன், கேட்டியா?”

“ஆட்டும்” என்றாள் வடிவாம்பாள்.

வெள்ளிக்கிழமை குமாரகோவிலில் வைத்துத் தம்பி அக்காவைப் பிடித்தான். பின்னால் ராஜபாய் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள், காதை மூடவில்லை.

“அக்கா, பின்பாகத்த எடு. வயலுண்டு, கெணறுண்டு. எனக்குப் படிப்புரை இல்லாம பொழப்பில்ல. எல்லாம் பேருக்குத்தான். அடுக்களையில உலகம்மை பாட்டுக்குப் பொங்கட்டும். நாளைக்குக் கோமு அங்கதான வந்து நிக்கப்போறா.”

“ஆட்டும்” என்றாள் அவனிடமும்.

இரண்டு வக்கீல்களும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஐம்பத்திரண்டு ஆவணி. முதல் போகமான கன்னிப்பூ அறுப்பு நடந்துகொண்டிருந்தது. புளியடி வீட்டுப் பின்முற்றத்தில் நெல் அவிக்கிற அண்டா ஒருபக்கம், நிச்சயத்துக்குச் சமையல் ஒருபக்கம். உலகம்மை ஆள் வைக்காமல் தானே நின்று சமைத்தாள். எரிசேரிக்குத் தேங்காய் வறுபடுகிற மணம் சாலை வரை வந்தது. வானம் மூடிக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் கொட்டுவேன் என்று நின்றது. தெரு முழுவதையும் அழைத்திருந்தார்கள். அழைக்காவிட்டாலும் போயிருப்போம்.

மத்தியஸ்தர் வைகுண்டராஜன், கொப்பரை வியாபாரி. இரண்டு வக்கீல்களிடமும் கேஸ் கொடுக்காதவர் என்பதால் இருவருக்கும் அவரிடம் மரியாதை. நெற்றியில் நாமம், தலையில் கட்டு. முன்கட்டில் நின்று, “தாயி, ரெண்டு பங்கையும் கேட்டியல்லா? இஷ்டம் போலக் கால வையும்” என்றார்.

வடிவாம்பாள் படிப்புரையிலிருந்து இறங்கி, முன்கட்டில் ஏறினாள். வக்கீல் இருமினார். அவள் நிற்கவில்லை. மறுபடி இருமினார். அந்த இருமலுக்கு மரியஜான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அதற்குள் அவள் முன்கட்டைத் தாண்டி, நடைக்குள் புகுந்து, அடுக்களை வாசலில் போய் வலதுகாலை உள்ளே வைத்துவிட்டாள்.

தெய்வநாயகம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். கணபதியப்ப பிள்ளையின் முகம் அப்போது பார்க்கும்படி இல்லை. அதனால் எல்லோரும் பார்த்தோம். கோமளவல்லி, தலை நிறையப் பிச்சியோடு, முன்கட்டுத் தூணில் சாய்ந்து மூச்சு விட்டாள். இனி கல்யாணத்துக்குத் தடை இல்லை.

அப்போதுதான் உலகம்மை அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள், அதில் சந்தேகமே இல்லை.

“மைனி, அங்ஙன நிக்காதிய, ஒரே பொகையாக்கும். முன்ன போயி இரிங்க. பாயி விரிச்சிருக்கு.”

வடிவாம்பாள் நகரவில்லை. கரண்டியோடு நிற்கிற உலகம்மையைப் பார்த்தாள். அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியைப் பார்த்தாள். அம்மா சாகும்போது மகளிடம் கொடுக்காமல் மருமகளிடம் கொடுத்துவிட்டுப் போன சாவி.

“யாருட்டி யார முன்ன போகச் சொல்லுதது?”

“இல்ல மைனி, கண்ணெரியும்லா...”

“எனக்க அடுக்களையில எனக்குக் கண்ணெரிஞ்சா ஒனக்கென்ன? விளக்கு வைக்கணும். அந்திக்கு முன்ன ஒனக்க தீய எடுத்துக்கிட்டுப் போ. சாவிய இஞ்ச வை.”

தெய்வநாயகம் நடைக்குள் ஓடிவந்தான்.

“அக்கா, என்ன இது? விளக்கு, தீயி எல்லாம் பழைய வழக்கம். பேருக்கு...”

“கால வச்சதும் பழைய வழக்கம்தானலே. அது பேருக்கு இல்ல, இது மட்டும் பேருக்கா? சொல்லு, கால எடுத்துட்டுப் போயி முன்ன படிப்புரையில நிக்கேன்.”

தெய்வநாயகம் உதவிக்கு மத்தியஸ்தரைப் பார்த்தான். கல்லுவிளைக் கேஸில் பக்கம் பக்கமாகப் பேசியவன்.

வைகுண்டராஜன் வக்கீல் பக்கம் திரும்பினார். “பிள்ளவாள், நீரு சொன்னா தாயி கேக்கும். நிச்சயம் நடக்க வேண்டிய வீடு. தையில கல்யாணம் கழிஞ்சிட்டு விளக்கு வச்சுக்கிடலாம்னு ஒரு வார்த்தை சொல்லும்.”

எல்லோரும் கணபதியப்ப பிள்ளையைப் பார்த்தோம். கோமளவல்லியும் பார்த்தாள். அவர் வீட்டை ஒருதடவை பார்த்தார். பின்னால் கிணறு, அடுக்களை. முன்னால் ஒரு படிப்புரை, ஒரு முன்கட்டு. அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, பொங்க இடமில்லை. ஒரு குடும்பம் அங்கே எத்தனை நாள் இருக்கும்? அவர் முகம் மெல்லத் தெளிந்தது. கழுத்துவலி இறங்கினால் அப்படித்தான் தெளியும்.

“வழக்கம் அதாக்கும்,” என்றார்.

கோமளவல்லி தூணைவிட்டு நகர்ந்து முற்றத்தில் இறங்கி நின்றாள். மழை அப்போது தொடங்கியது.

உலகம்மை அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அழவில்லை. சாவியை அம்மிமேல் வைத்தாள். அடுப்புக் கங்குகளைச் சட்டியில் அள்ளினாள். எரிசேரி உருளியை ஒருதடவை, பாயசத்தை ஒருதடவை, சோற்றை ஒருதடவை என்று தானே தூக்கிப் படிப்புரையில் கொண்டுவைத்தாள். சட்டப் புத்தக அலமாரிக்கு முன்னால் மூன்று செங்கல் போட்டு அடுப்புக் கூட்டினாள். ஈரவிறகு. ஆபீஸ் புகையால் நிறைந்தது. அன்றைக்கென்று கருங்கல்லிலிருந்து வந்து காத்திருந்த கட்சிக்காரர் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“இதென்ன சாரே, வக்கீல் ஆபீஸா, ஊட்டுப்புரையா?”

சிரிக்கக்கூடாத இடம். நாங்கள் மழையைப் பார்த்துச் சிரித்தோம்.

கடைசியில் உலகம்மை நடைவரை திரும்பி வந்தாள். பாகக்கோடு எங்கே என்று தெரிந்தவள்போல அந்த இடத்தில் நின்றாள், ஒரு அடி உள்ளே வைக்கவில்லை.

“மைனி, ஒங்க பங்கு கிட்டியாச்சு, சந்தோஷம். எனக்குள்ள பங்கையும் நான் எடுத்துக்கிட்டேன். எனக்க மகன் எனக்கு. ஒங்க மக ஒங்களுக்கு.”

கோலப்பன் அப்போது முன்கட்டில் இலை நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்து அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், முற்றத்தில் நனைகிறவளைப் பார்த்தான். பிறகு கத்தியை எடுத்து, யாரும் உண்ணப்போகாத இலைகளை மறுபடி நறுக்கத் தொடங்கினான். அந்தப் பையனிடம் அதற்குமேல் நாங்களும் எதிர்பார்க்கவில்லை. கோமளவல்லி எதிர்பார்த்திருப்பாள்போல. கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுத் தனியாகச் சந்துக்கு நடந்தாள்.

அந்திக்கு வடிவாம்பாள் விளக்கேற்றினாள். ஏற்றிய விளக்கைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்று அங்கேயே இருந்துவிட்டாள். மறுநாளும் வரவில்லை. அம்மிக்கல், உரல், பரண் எல்லாவற்றையும் கழுவி, உலகம்மை வைத்த இடத்திலிருந்து தன் அம்மா வைத்திருந்த இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். வக்கீல் மத்தியானமும் அந்தியும் சந்திலிருந்து நடந்துபோய்ப் பெண்டாட்டி வீட்டில் உண்டுவிட்டு வந்தார். கோமளவல்லி மட்டும் அந்த அடுக்களைக்குப் போகவில்லை. தனக்குத் தானே பொங்கிக்கொண்டாள்.

தெய்வநாயகம் இரண்டு மாதம் படிப்புரையில் தாக்குப்பிடித்தான். அக்கா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கோர உலகம்மை சம்மதிக்கவில்லை, தெருக்கோடியிலிருந்து சுமந்தாள். ஐப்பசியில் பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றி, நாகர்கோவில் வடசேரிக்குக் குடிபோனார்கள். அந்த வாரம் கணபதியப்ப பிள்ளையைப் பார்த்திருக்கவேண்டும். கோர்ட்டுக்குப் போகும்போது தாராளமாகக் கழுத்தைத் திருப்பி, பூட்டிய படிப்புரையைப் பார்த்துக்கொண்டே போவார். உத்தரத்துக் கயிறுகளில் மறுபடி குலை ஏறியது. மரியஜானுக்குப் புது வேட்டி.

அதுவும் நீடிக்கவில்லை. தெய்வநாயகம் படிப்புரையை வாடகைக்கு விட்டான். வந்தது ஜெபசீலன் என்று ஒரு இளம் வக்கீல், கருங்கல் பக்கத்துப் பையன். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் அவர்கள் பேச்சிலேயே, “என்ன சேட்டா, அங்ஙன நிக்கிய? கேறி இரியும்” என்பான். மேற்குத் தாலுகா முழுவதும் கேறி இருந்தது. வக்கீல் உண்ணப் போகும் வழி வேறு அந்தப் படிப்புரை வாசல் வழியேதான். தினமும் இரண்டு வேளை. தெய்வநாயகத்துக்கோ நாகர்கோவிலில் ஜில்லா கோர்ட்டில் நல்ல பெயர் என்று செய்தி வரும். செய்தி கொண்டுவருகிறவருக்கு வக்கீல் காப்பி கொடுக்கமாட்டார், நாங்கள் கொடுப்போம்.

ஐம்பத்துமூன்று தையில் கோலப்பனுக்குச் சுசீந்திரத்தில் பெண் எடுத்தார்கள். எங்கள் தெருவுக்கும் அழைப்பு வந்தது. நாங்கள் போய்வந்து, சாப்பாடு சுமார்தான் என்று வக்கீல் வீட்டில் சொன்னோம். உண்மையில் நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் கோமளவல்லியைத் திருவனந்தபுரத்தில் செக்ரட்டேரியட் உத்தியோகஸ்தன் ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அப்பா பார்த்த மாப்பிள்ளை. அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு குழந்தை பிறந்தது.

ஐம்பத்தாறு ஆவணியில் ஓணத்து விடுமுறைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். தக்கலையில் பஸ் நின்றபோது வடிவாம்பாள் குடையோடு காத்து நின்றாள். ஜன்னலோரத்தில் இருந்த மகள் கையை அசைத்தாள். இறங்கவில்லை. பஸ் நாகர்கோவிலுக்குப் போயிற்று. மறுநாள் மத்தியானம்தான் திரும்பி வந்தாள். பின்பாகத்து அடுக்களையில் விடியற்காலம் முதல் வேலை. அவியல், எரிசேரி, பருப்பு, பிரதமன் எல்லாம் மூடிவைத்திருந்தது. ராஜபாய் கருவேப்பிலை கொடுக்கப் போய் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

“வா மக்கா. கைய கழுவு, இலை போடுதேன்.”

“வேண்டாம்மா. உண்டாச்சு.”

“எங்க?”

“வடசேரியில, உலகம்மை அத்தை வீட்டுல.”

வடிவாம்பாள் எடுத்த இலையைத் திரும்ப வைத்தாள். பிறகு கேட்டாள்.

“எங்க வச்சுப் போட்டா? முன்கட்டுலயா?”

“இல்லம்மா. அடுக்களையில. அத்தை பரிமாறினாவ, நான்தான் பப்படம் பொரிச்சேன்.”

வடிவாம்பாள் எழுந்து, மூடி வைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மறுபடி மூடினாள். வக்கீல் உண்ண வந்தார். அவருக்கு இலை போடுகிறவர்கள் இல்லை. தாமே போட்டுக்கொண்டு உட்கார்ந்து, “தெய்வநாயகத்துக்க வீட்டு முகப்புல குலை எத்தன தொங்குது?” என்று மகளிடம் கேட்டார். அவள், “நான் முகப்பு வழியாப் போகல்லப்பா, புறவாசல் வழியாப் போனேன்” என்றாள்.

அந்த நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தன. கோமளவல்லியின் புருஷன் அந்தப் பக்கத்து ராஜ்யத்தில் நின்றுகொண்டான். உடனே கோழிக்கோட்டுக்கு மாற்றலாயிற்று. திருவனந்தபுரம் ஸ்டேஷனில் அவர்களை ரயிலேற்றிவிட்டது உலகம்மையும் கோலப்பனும்தான். வக்கீல் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. என்றைக்குப் புறப்படுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதாம். ராஜபாய்க்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.